கணவர் ஆதரவு

செல்வராணியின் கையை விறகுக் கட்டையால் அடித்து உடைத்தவன் அவள் புருஷன். அவனைக் கிளப்பிவிட்டது புதுக்கோட்டையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்த அலுவலகம். அங்கே வேலை பார்த்த யாருக்கும் அடிதடியில் பழக்கம் கிடையாது. படித்தவர்கள், குரலை உயர்த்தாதவர்கள், ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் வாயைத் திறக்காதவர்கள். பிள்ளை பெற்ற பெண்களின் நலனுக்காக மாய்ந்து மாய்ந்து உழைத்தார்கள். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவர்கள் ஒரு போன் செயலி செய்திருந்தார்கள். சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட மூன்று மாத ஊசி என்று எல்லாவற்றையும் அது நினைவுபடுத்தும். நினைவுபடுத்துவது பெண்ணுக்கு அல்ல, அவள் புருஷனுக்கு. கறம்பக்குடிப் பக்கம் சில ஊர்களில் வெள்ளோட்டம் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. செல்வராணி மாத்திரை குமட்டுகிறது என்று நாலு நாளாகச் சாப்பிடாமல் கோழிக்கூண்டுக்கு அடியில் போட்டு வந்தாள். நர்சம்மா வந்து மாத்திரை அட்டையைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லிவிட்டாள். நர்சம்மா அதைச் செயலியில் ஏற்றினார். அன்று சாயங்காலமே புருஷன் போனுக்குச் செய்தி போனது: "உங்கள் மனைவி மாத்திரை சாப்பிடவில்லை. அன்போடு கவனியுங்கள்." அவன் நன்றாகவே கவனித்தான்.

நர்சம்மா அடைக்கலமேரி போன் செய்து சொன்னதும் தேவிப்ரியா பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பெண்களைப் பேட்டி எடுத்தவள் அவள்தான். செல்வராணி கட்டிலில் கையைத் தொங்கல் கட்டோடு நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். காலடியில் பிளாஸ்க்கோடு புருஷன் நின்றான். தேவிப்ரியாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"நீங்க மெசேஜ் அனுப்புனது நல்லதாப் போச்சு மேடம்," என்றான். "இல்லாட்டி இவ ஏமாத்துறது எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

ஒருவன் தன் பெண்டாட்டியின் எலும்பை உடைத்துவிட்டு அதற்கு உதவி செய்ததாக முகத்துக்கு நேரே நன்றி சொல்லுகிறான். தேவிப்ரியாவுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது தான் சொன்ன வார்த்தையை நினைத்துத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. பேட்டிகளில் பெண்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு சீட்டில் எழுதி, ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைப்பு வைத்திருந்தார்கள். ஆயிரம் பேச்சிலிருந்து நாலு உண்மையை வடித்தெடுக்கும் வேலை அது. இளஞ்சிவப்புச் சீட்டுகள்தான் எல்லாவற்றையும்விட அதிகம். "அவருகிட்டச் சொல்லிருங்க", "அவரு பாத்துக்குவாரு", "அவரு போன்தான் எங்களுக்கு" என்று சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. மேலே தேவிப்ரியாவின் அழகான கையெழுத்தில் தலைப்பு: கணவர் ஆதரவு. அலுவலகத் தலைவர் ரகுநாத் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஊரெல்லாம் புருஷன்களைக் குறை சொல்கிறார்கள், நம் பெண்கள் என்ன சொல்கிறார்கள் பாருங்கள் என்று போகிற இடமெல்லாம் அந்தச் சுவரின் படத்தைக் காட்டினார். செய்தியைப் புருஷனுக்கு அனுப்பலாம் என்ற முடிவு அந்தச் சுவரில் பிறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரகுநாத் கல்நெஞ்சக்காரர் அல்ல. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆனாலும் ஒரு வீட்டில் நடந்ததை வைத்து மொத்தத்தையும் கவிழ்க்க முடியாது, மறுநாள் சென்னையில் பெரிய கூட்டம் இருக்கிறது, போய்விட்டு வந்து பேசலாம் என்றார். ஒரு வீட்டில் ஒருத்தி சொன்ன ஒரு வாக்கியத்தைச் சுவரில் ஒட்டித்தானே இவ்வளவும் கட்டினோம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்பே வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் வேலை செய்தது தட்டச்சு செய்த தாள்களை வைத்துத்தான். ஒலிப்பதிவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு விதி சொல்லிக் கொடுத்தவளும் அவளே. கேள்வி, அதற்குப் பேட்டி கொடுப்பவர் சொல்லும் பதில், இரண்டு மட்டும் போதும். பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சு வேண்டாம், மௌனம் வேண்டாம், கோழி நாய் சத்தம் எதுவும் வேண்டாம். தாள் சுத்தமாக இருக்க வேண்டும்.

செல்வராணியின் பேட்டியை முதலில் போட்டாள். மாத்திரையெல்லாம் யார் எடுத்துத் தருவார்கள் என்று தேவிப்ரியாவின் குரலே கேட்கிறது. பதில் இல்லை. நெடுநேரம் பதில் இல்லை. கோழி ஒன்று கொக்கரிக்கிறது. பிறகு ஆண் குரல், சிரித்தபடி: "சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?" நாற்காலி தரையில் இழுபடுகிறது. அதற்கு அப்புறம்தான் செல்வராணி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, அவருதான் எடுத்துக் குடுப்பாரு, நல்லாப் பாத்துக்குவாரு என்கிறாள். தாளில் அந்தக் கடைசி வரி மட்டும் இருந்தது.

அடுத்த பதிவைப் போட்டாள். அரிமளம் பக்கத்து வீடு ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே பளார் என்று ஒரு சத்தம், ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். என்ன சத்தம் என்று பதிவில் தேவிப்ரியாவே கேட்கிறாள். கொசு மேடம் என்கிறது ஆண் குரல். அதற்கு அவள் சிரிக்கிறாள். தன் சிரிப்பைத் தானே கேட்டபோது தேவிப்ரியாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அப்போது அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அந்த ஊர்களில் புது ஆள் ஒருவர் வந்து வீட்டுப் பெண்ணோடு பேசினால் ஆம்பளை கூடவே உட்கார்ந்திருப்பான். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கடைக்கு ஆள் அனுப்பி கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்து, பேச்சு முடிகிறவரை எழுந்து போக மாட்டான். அது வந்தவருக்குச் செய்கிற மரியாதை. பொம்பளையைத் தனியே பேசவிடாத காவலும் அதுதான். தேவிப்ரியா சோடாவைக் குடித்துவிட்டு, "கணவர் கடைசிவரை ஆர்வமாக உடனிருந்தார்" என்று எழுதி வைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் எழுதினாள். படித்த படிப்பு அத்தனையும் ஒரு பாட்டில் கலரில் கரைந்துபோனது.

அப்புறம் செவந்தியின் பதிவு வந்தது. கறம்பக்குடியைத் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டிய ஊர். செவந்திக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இளையது கைக்குழந்தை. புருஷன் முத்துராஜ் மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிற வேலை. பேட்டியின் நடுவே அவன், வீட்டுக்குள் டவர் எடுக்காது மேடம், வேலிப் பக்கம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தான். செயலி அங்கே வேலை செய்யுமா என்று பார்க்க அவளும் எழுந்து போனாள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்த போனை ஸ்டூல் மேலேயே விட்டுவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. யாரோ கிட்டே வருகிறார்கள். மூச்சு கேட்கிறது.

"அக்கா, நான் செவந்தி பேசுறேன். இத நீங்க வீட்டுக்குப் போயிக் கேப்பீங்கள்ல. நான் மூணு மாச ஊசி போட்டிருக்கேன். நர்சம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். ரெண்டும் பொட்டப்புள்ள, பையன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு இவரு. எனக்கு ரெண்டாவதுக்கே உசிரு போயிட்டு வந்துச்சு. ஊசி விசயம் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு, சும்மா சொல்லலக்கா. உங்க போன்ல எது வந்தாலும் வரட்டும், இது மட்டும் வந்துறாமப் பாத்துக்கங்க."

செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. செவந்தியின் குரல் சட்டென்று உரத்துக் கேட்கிறது, டீ போடவா அக்கா என்று.

தேவிப்ரியா தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கேள்வி கேட்காததால் அது பதில் அல்ல. தட்டச்சு செய்த பெண் விதியை மீறாதவள்.

கம்ப்யூட்டரில் செவந்தியின் பக்கத்தைத் திறந்தாள். சுகாதார நிலையத்தில் ஏற்றுகிற விவரமெல்லாம் தானாகச் செயலிக்குள் வந்து விழும்படி செய்திருந்தார்கள், அதைப் பெரிய சாதனையாகவும் சொல்லிக்கொண்டார்கள். ஊசி போட்ட நாள் இருந்தது. அடுத்த ஊசிக்கான நாள் இருந்தது. நினைவூட்டல் அன்று காலை பத்து மணிக்கு முத்துராஜுக்குப் போகக் காத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

அதை நிறுத்தும் அதிகாரம் ரகுநாத்துக்கு மட்டும். அவர் சென்னையில் கூட்டத்தில் இருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார். செயலியை எழுதிய கம்பெனிக்குப் பேசினாள். அங்கே இருந்தவன் வெகு மரியாதையாக, சார் மெயில் போட்டால் உடனே செய்துவிடுவோம் என்றான். அடைக்கலமேரியும் ஏதோ கூட்டத்தில் போலிருக்கிறது, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செவந்திக்கே சொல்லிவிடலாம் என்று எண்ணைத் தேடினாள். இருந்த ஒரே எண் முத்துராஜுடையது. பெண்களிடம் போன் இல்லை, எல்லாம் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று பெண்ணின் எண்ணைக் கேட்கும் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னவளும் அவள்தான். முத்துராஜைக் கூப்பிட்டு, தப்பான செய்தி ஒன்று வரும், பார்க்காதீர்கள் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் ரகுநாத்துக்குப் போன் அடித்துக்கொண்டே போனாள். ஆலங்குடியில் ஒரு மர லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஓரமாகப் புகுந்து, சாக்கடையில் ஒரு சக்கரம் இறங்கி, முழங்கால் சிராய்த்து, எப்படியோ தாண்டினாள். பத்து மணி தைலமரக் காட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே ஆகிவிட்டது. அவள் வண்டியை நிறுத்தவில்லை, மணியைத் திரும்பப் பார்க்கவும் இல்லை.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வேலி ஓரமாகப் பத்துப் பேர் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாம் மனுஷன் தலையிடக் கூடாது என்பதில் அந்தக் கூட்டத்துக்கு அவ்வளவு ஒழுக்கம். அடிபம்புக்குப் பக்கத்தில் முத்துராஜ் செவந்தியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தை சிமெண்டு மேடையில் மோதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டான், எத்தனை நாளாக நடக்குது, எத்தனை நாளாக நடக்குது என்று. மேடையில் ரத்தமும் எச்சிலும் வழிந்தது. உள்ளே தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதது. செவந்தியின் மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றவள் ராக்காயி, முத்துராஜின் தம்பி அய்யப்பனின் பெண்டாட்டி, பக்கத்து வீடு. தேவிப்ரியா அவளையும் பேட்டி எடுத்திருக்கிறாள். அய்யப்பன் தோளில் துண்டோடு கொஞ்சம் தள்ளி நின்றான்.

தேவிப்ரியா வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடி முத்துராஜின் கையைப் பிடித்தாள். விடுங்கண்ணே, விடுங்க என்று கத்தினாள். முத்துராஜ் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினான். அவளை அடையாளம் தெரிந்தது. மேடம் வந்திருக்கிறார்கள் என்றதும் பழக்க தோஷத்தில் காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டான். செவந்தி மேடையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து தேவிப்ரியாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவனுடைய கை ஈரமாக இருந்தது. அவளே எழுதிக் கொடுத்த வாசகம் அதில் இருந்தது: "வணக்கம். உங்கள் மனைவியின் அடுத்த கருத்தடை ஊசிக்கான நாள் நெருங்குகிறது. அவருக்குத் துணையாக இருங்கள்."

"படிச்சீங்களா? இப்பச் சொல்லுங்க," என்றான்.

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யைத் தேவிப்ரியா எடுத்துவிட்டாள். குரல் நடுங்காமல் பேசினாள். "இது உங்களுக்கு வந்தது இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல வரி மாறிப் போச்சு. அதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் ஓடி வர்றேன். செவந்தி எந்த ஊசியும் போடல."

முத்துராஜ் அவளையே பார்த்தான். மூச்சு வாங்கினான். அவன் முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். நம்புகிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் நம்பட்டும் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். பட்டியலில் மேலே கீழே இருக்கிற பேர் மாறிவிட்டது, பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது என்றாள். சொல்லி முடிக்கும்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

அந்தத் தெருவில் சமீபத்தில் பிள்ளை பெற்றவர்கள் இரண்டே பேர். முத்துராஜ் மெல்லத் திரும்பி வேலியைப் பார்த்தான்.

"டேய் அய்யப்பா," என்றான். "ஒன் வீட்டு விசயமாம்டா."

அய்யப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். நேரே போய் ராக்காயியின் கன்னத்தில் விட்ட அறையில் அவள் பிள்ளையோடு வேலியில் போய் விழுந்தாள். முள் கிழித்து அலறிய பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டார்கள். அவன் துண்டை அவள் கழுத்தில் போட்டு முறுக்கித் தெருவில் இழுத்தான். ராக்காயி இரண்டு கையாலும் துண்டைப் பிடித்தபடி, நான் இல்லை, ஆத்தா சத்தியமாக நான் இல்லை என்று அலறினாள். அவன் விலாவில் மிதித்தான். அவள் அலறல் அறுந்து இருமலாயிற்று. தேவிப்ரியா இல்லை இல்லை என்று கத்தியபடி ஓடினாள். இவள் இல்லை என்றால் அவள் என்று ஆகும். எந்தப் பேரைச் சொல்ல என்று தெரியாமல் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நடுத்தெருவில் நின்றாள்.

அடிபம்பு மேடையிலிருந்து செவந்தி எழுந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"அவள விடச் சொல்லு ஒன் தம்பிய," என்றாள் முத்துராஜிடம். "ஊசி போட்டது நான்தான். அந்தக்கா பொய் சொல்லுது. நாந்தான் போட்டேன், இன்னமும் போடுவேன்."

அய்யப்பனின் பிடி தானாகவே நழுவியது. முத்துராஜ் கூரை எரவாணத்தில் கையை விட்டு, கிளை கழிக்கிற அருவாளை உருவினான்.

முதல் வெட்டு, தடுக்கத் தூக்கிய செவந்தியின் இடது கையில் விழுந்தது. முன்கை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது. இரண்டாவது தோள்பட்டையில் இறங்கியது. அவள் மண்டியிட்டாள். மூன்றாவதுக்கு அவன் கையை ஓங்கியபோது தேவிப்ரியா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறினான், அவள் நிறுத்தவில்லை. அருவாள் கீழே விழுந்த பிறகும் நாற்காலிக் கால் உடைந்து கையில் வருகிறவரை அடித்தாள். அப்போதுதான் வேலியோரத்து ஒழுக்கசீலர்களுக்கு உள்ளே வரத் தோன்றியது. நாலு பேர் முத்துராஜைக் குப்புறத் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அதில் அய்யப்பனும் ஒருவன்.

தேவிப்ரியா துப்பட்டாவைக் கிழித்துச் செவந்தியின் கையை இறுக்கிக் கட்டினாள். நூத்தெட்டு வண்டி வந்தது. ஏற்றும்போது ராக்காயி தெருவிலேயே உட்கார்ந்திருந்தாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு. அய்யப்பன் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். குடிக்கிற அவளை உற்றுப் பார்த்துக்கொண்டும் இருந்தான்.

வண்டி காட்டைத் தாண்டியதும் ரகுநாத் கூப்பிட்டார். கூட்டம் ரொம்ப நன்றாகப் போனது என்று ஆரம்பித்தவர், அவள் குரலைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். எல்லாச் செய்தியையும் நிறுத்துங்கள் சார் என்று மட்டும் சொன்னாள். மறுபேச்சு பேசாமல், முதலில் நிறுத்துகிறேன், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். வண்டி அடுத்த ஊரைக் கடப்பதற்குள் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அவ்வளவு சுலபமான வேலை அது.

செவந்தி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. கூட இருந்த மருத்துவ உதவியாளர் பேசக் கூடாது என்றார். அவள் கேட்கவில்லை.

"அக்கா. அன்னைக்கு உங்க போன ஸ்டூல்ல வச்சிட்டுப் போனீங்கள்ல. அதுல பேசுனேன். கேட்டீங்களா?"

போன் கோளாறு, பதிவாகவில்லை என்று சொல்லிவிடலாம். தேவிப்ரியா அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தாள்.

"கேட்டேன். இன்னைக்குக் காலையிலதான் கேட்டேன்."

செவந்தி வண்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே கேட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன். அந்தத் தைரியத்துலதான் நர்சம்மா கேட்டப்ப என் பேரச் சேத்துக்கங்கன்னேன். ராக்காயி பயந்தா. அந்தக்காகிட்டச் சொல்லிட்டேன்டி, ஒண்ணும் வராதுன்னு நாந்தான் அவளையும் சேத்துவிட்டேன்."

"ராக்காயி எதுக்குப் பயப்படணும்?"

"அவளும் போட்டிருக்காக்கா. நான் போட்டு ஒரு வாரம் கழிச்சு நாந்தான் அவளக் கூட்டிட்டுப் போனேன்."

தண்ணீர் குடிக்கிறவளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்ற அய்யப்பனின் முகம் தேவிப்ரியாவின் கண் முன்னால் வந்து நின்றது. செவந்தியின் நல்ல கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவசரமாகச் சொன்னாள், "அவளுக்கு மெசேஜ் வராது. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு செவந்தி. இனிமே யாருக்கும் வராது."

செவந்தி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை. கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அவளுக்கு எதுக்குக்கா இனி மெசேஜ்? அதான் நீங்களே நேர்ல வந்து சொல்லிட்டீங்களே."

வண்டியைத் திருப்பச் சொல்லி தேவிப்ரியா கத்தினாள். கட்டையும் மீறி ரத்தம் கசிகிறது, திருப்ப முடியாது என்றார் மருத்துவ உதவியாளர். அவள் போலீசுக்கு அடித்து, ஊர்ப் பேரையும் வீட்டையும் ராக்காயியின் பேரையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் போன் நம்பர் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். அவளிடம் இருந்தது அய்யப்பனின் நம்பர்தான்.